போர்டு எக்ஸாம்ல ஃபர்ஸ்ட் வந்த பொண்ணு, ஷாம்சி

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்த போஸ்ட் இது. போன வாரம் ஆத்தே கிட்ட இருந்து ஒரு போட்டோ வந்துச்சு, அதைப் பார்த்ததுக்கு அப்புறம் இனிமே தள்ளிப்போடக் கூடாதுன்னு உக்காந்துட்டேன். ஆத்தேன்னா பிலிப்பைன்ஸ்காரங்க பாஷைல அக்கா. துபாய்ல நான் வேலை பார்த்த ஆபீஸ்ல எனக்கு அடுத்த டேபிள் அவங்க, அவங்களுக்கு நிஜப் பேர் ஒண்ணு இருக்கு, ஆனா ஆறு வருஷமும் நான் ஆத்தேன்னுதான் கூப்பிட்டேன், அவங்களும் என்னை தங்கச்சி மாதிரிதான் வச்சிருந்தாங்க.

2011 செப்டம்பர் 13, செவ்வாய்க்கிழமை. காலைல ஏழரைக்கு ஆபீஸ் போனா ஆத்தே டேபிளை சுத்தி ஒரே கூட்டம். டிராஃப்ட்ஸ்மேன் ரெண்டு பேரு, டாகுமெண்ட் கன்ட்ரோலர், ரிசப்ஷன் பொண்ணு, பிளம்பிங் டிராயிங் போடுற ஒருத்தர், எல்லாருமே பிலிப்பைன்ஸ். யாரும் ராத்திரி சரியா தூங்கலைன்னு மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. மானிட்டர்ல ஒரு பக்கம் ஆஸ்பத்திரி டாய்லெட்டோட டீட்டெயில் டிராயிங், இன்னொரு பக்கம் சின்னதா ஒரு வீடியோ, அதுல ஒரு பொண்ணு ஈவ்னிங் கவுன்ல நடந்து வர்றாங்க, அந்த பத்து செகண்டை திருப்பி திருப்பி போட்டு பார்த்துக்கிட்டு இருக்காங்க. பிரேசில்ல சாவ் பாவ்லோல மிஸ் யுனிவர்ஸ் ஃபைனல், நம்ம துபாய் டைமுக்கு விடியக்காலைல அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு அப்பதான் முடிஞ்சிருந்துச்சு.

யாரு ஜெயிச்சான்னு கேட்டேன். அங்கோலா, லெய்லா லோபெஸ். உங்க ஊரு பொண்ணு? மூணாவது ரன்னர் அப். ஐயோ பாவம்னு நான் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள ஆத்தே திரும்பி, "அவ ஆர்க்கிடெக்ட். போர்டு எக்ஸாம்ல நாட்டுலயே நம்பர் ஒன்"ன்னாங்க. கிரீடம் போனது பத்தி அப்புறம்தான் பேசினாங்க. முதல்ல சொன்னது அந்த எக்ஸாமைத்தான்.

ஷாம்சி சுப்சுப்ங்கற பேரை நான் கேட்டது அன்னைக்குதான்.

அந்த எக்ஸாம் என்னன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்ல இது கிடையாது. இங்க அஞ்சு வருஷம் பி.ஆர்க் முடிச்சோம்னா கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு பண்ணி நம்பர் வாங்கிடலாம். அங்க அப்படி இல்ல. அஞ்சு வருஷம் படிச்சு முடிச்சு, ரெண்டு வருஷம் லைசென்ஸ் இருக்கற ஒரு ஆர்க்கிடெக்ட் கிட்ட வேலை பார்த்து, 3,840 மணி நேரத்தை ஒரு லாக்புக்ல வரி வரியா எழுதி அவங்க கையெழுத்து வாங்கி, அதுக்கப்புறம்தான் லைசென்ஸ் எக்ஸாம் எழுதவே விடுவாங்க. டிசைன், ஸ்ட்ரக்சர், பில்டிங் சட்டம், எல்லாம் வரும். ரிசல்ட் வந்தா முதல் பத்து பேரு பேரு பேப்பர்ல வரும், அவங்களுக்கு டாப்நாச்சர்னு பேரு. நம்ம ஊர்ல பிளஸ் டூ ஸ்டேட் ஃபர்ஸ்ட்டுக்கு ஒரு காலத்துல ஸ்கூல் வாசல்ல பேனர் கட்டுவாங்கல்ல, அங்க டாப்நாச்சருக்கு அப்படி ஊரே பேனர் கட்டும். ஷாம்சி யூனிவர்சிட்டி ஆஃப் த பிலிப்பைன்ஸ்ல திலிமான் கேம்பஸ்ல படிச்சு மாக்னா கும் லாடேங்கற உயர்ந்த டிஸ்டிங்ஷன் வாங்கினவங்க, 2010 ஜூன்ல அந்த எக்ஸாம்ல முதல் இடம். அடுத்த ஏப்ரல்லயே அந்த நாட்டு அழகிப்போட்டியான பினிபினிங் பிலிப்பினாஸ் மேடைல கிரீடம்.

ஆத்தேயும் ஆர்க்கிடெக்சர் படிச்சவங்கதான். லாக்புக் முழுசா முடிச்சிருந்தாங்க, ஆனா எக்ஸாம் எழுதறதுக்குள்ள வீட்டு நிலைமை, துபாய் வந்துட்டாங்க. அந்த லாக்புக்கை பிளாஸ்டிக் கவர்ல போட்டு சூட்கேஸ் அடில வச்சிருந்தாங்க, ஒரு தடவை எனக்கு எடுத்து காட்டினாங்க. பக்கம் எல்லாம் ஓரத்துல பழுத்துப் போயிருந்துச்சு. லைசென்ஸ் இல்லாததால பன்னண்டு வருஷ அனுபவத்துக்கு அப்புறமும் அவங்க விசிட்டிங் கார்டுல டிராஃப்ட்ஸ்பெர்சன்னுதான் போட்டிருக்கும். அதனாலதான் ஷாம்சியோட கிரீடத்தை விட அந்த முதல் இடம் அவங்களுக்கு பெருசா தெரிஞ்சிருக்கு, எனக்கு இது புரியவே ரொம்ப நாளாச்சு.

எனக்கு ஏன் பெருசா பட்டுச்சுன்னா அது வேற கதை.

நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல, துபாய் போறதுக்கு முன்னாடி, ஒரு சைட் மீட்டிங். கோ-ஆப்டெக்ஸ்ல எடுத்த நல்ல காட்டன் சுடிதார், கொஞ்சம் லிப்ஸ்டிக், அவ்வளவுதான். கிளையண்ட் உள்ள வந்தாரு, என்னைப் பார்த்து "அம்மா, ஆர்க்கிடெக்ட் எப்ப வருவாருன்னு கேட்டு சொல்லுங்க, அப்படியே ஒரு டீ"ன்னாரு. கைல என் டிராயிங் ரோலை வச்சிக்கிட்டு நிக்கறேன். நான்தான் சார்னு சொன்னதுக்கு அப்புறமும் அந்த ஒரு மணி நேரம் அவரு என் சீனியர் மூஞ்சியைப் பார்த்துத்தான் பேசினாரு, படிக்கட்டு ரைசர் உயரம் பத்தி நான் சொன்ன பதிலைக்கூட அவரு கிட்ட திருப்பி கேட்டு கன்ஃபர்ம் பண்ணிக்கிட்டாரு. வெளிய வந்தப்ப அந்த சீனியர் நல்லதுக்குத்தான் சொன்னாரு, "சைட்டுக்கு வர்றப்ப இதெல்லாம் வேணாம்மா, சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க." அன்னைக்கு கார்ல உக்காந்து டிஷ்யூவால அழுத்தி அழுத்தி தொடைச்சேன், உதடு எரியற அளவுக்கு. அதுக்கப்புறம் பல வருஷம் சாம்பல் கலர் சட்டை, இறுக்கிக் கட்டின கொண்டை. அம்மா போன்ல பாக்கறப்பல்லாம் "ஏண்டி இப்படி களையே இல்லாம இருக்க, பொட்டாவது கொஞ்சம் பெருசா வையேன்"னு கேட்பாங்க, வேலைக்கு இதுதாம்மா வசதின்னு சொல்லிடுவேன். வசதியெல்லாம் ஒண்ணும் இல்ல, பயம்.

அப்படி இருந்தப்பதான் ஒருத்தி லைசென்ஸையும் கிரீடத்தையும் ஒரே வருஷத்துக்குள்ள ஒரே பேர்ல எழுதி வச்சதை பார்த்தேன். எனக்கு அது சாதாரண விஷயமா படல. அழகா, படிப்பா, ரெண்டுல ஒண்ணை எடுன்னு யாரும் வாய் விட்டு சொல்றதில்ல, ஆனா எடுக்க வச்சிடறாங்க. நம்ம ரீட்டா ஃபரியாவையே எடுத்துக்குங்க, 1966ல மிஸ் வேர்ல்டு, ஆசியாவுலயே அந்த பட்டத்தை வாங்கின முதல் பொண்ணு, அப்ப பம்பாய்ல கிராண்ட் மெடிக்கல் காலேஜ் ஸ்டூடண்ட். ஒரு வருஷம் கழிச்சு மாடலிங், சினிமான்னு வந்ததை எல்லாம் வேணாம்னுட்டு மருத்துவத்துக்கே போயிட்டாங்க. அந்த முடிவு மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா அந்தக் கதையை நம்ம வீடுகள்ல எப்படி சொல்லுவாங்க? "பாரு, அதெல்லாம் விட்டுட்டு டாக்டர் ஆயிட்டா." அந்த விட்டுட்டுங்கற வார்த்தைதான் எனக்கு குத்தும்.

ஃபைனல்ல ஷாம்சிக்கு வந்த கேள்வி, காதலிக்கறவரை கல்யாணம் பண்ணிக்க உங்க மத நம்பிக்கையை மாத்திப்பீங்களாங்கறது. மாத்திக்க மாட்டேன், என்னைப் படைச்ச கடவுள்தான் எனக்கு முதல்ல, என்னைக் காதலிக்கறவரு என் கடவுளையும் நேசிக்கணும்ங்கற அர்த்தத்துல பதில் சொன்னாங்க. இந்தப் பதில்ல எனக்கு முழு உடன்பாடு கிடையாது, நானா இருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன். ஆனா கோடிக்கணக்கான பேரு பார்க்கறப்போ, எல்லாருக்கும் பிடிக்கற மாதிரி வழவழன்னு பேசாம தான் நம்பறதை நேரா சொன்னாங்க பாருங்க, அது பிடிச்சுது. ஆத்தேயும் கூட்டமும் திருப்பி திருப்பி பார்த்த அந்த நடைக்கு சுனாமி வாக்னே பேரு வந்துடுச்சு.

அதுக்கு அடுத்த வருஷம் ஜானின் துகோனோன், ஃபார்மசிஸ்ட், மிஸ் யுனிவர்ஸ்ல முதல் ரன்னர் அப். 2013ல ஆரியெல்லா அரிடா, கெமிஸ்ட்ரி படிச்சவங்க, மூணாவது ரன்னர் அப். வரிசையா இப்படி வர வர ஆபீஸ்ல அந்த விடியக்காலை கூட்டமும் பெருசாகிட்டே போச்சு, நானும் அதுல ஒருத்தி ஆயிட்டேன்.

இப்ப நான் நிஜமா சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன், கிரீடம் வாங்கினதை விட எனக்கு முக்கியமா படறது அதுக்கப்புறம் நடந்ததுதான்.

பிலிப்பைன்ஸ்ல அழகிப்போட்டின்னா 1964ல இருந்து பினிபினிங் பிலிப்பினாஸ்தான். அதை நடத்தினவங்க ஸ்டெல்லா மார்க்கெஸ் அரனெட்டா, அவங்களே ஒரு பழைய ராணி, கொலம்பியாக்காரங்க, 1960ல நடந்த முதல் மிஸ் இன்டர்நேஷனல் போட்டில ஜெயிச்சவங்க. கல்யாணம் ஆகி வந்த குடும்பம் கேஸோன் சிட்டில அரனெட்டா கொலீசியம் கட்டின குடும்பம், போட்டியும் அங்கதான் நடக்கும். க்ளோரியா டியாஸ் 1969, மார்ஜி மொரான் 1973, பியா வூர்ட்ஸ்பாக் 2015, காட்ரியோனா கிரே 2018, அந்த நாட்டோட நாலு மிஸ் யுனிவர்சும் அவங்க காலத்துல போனவங்கதான். அம்பது வருஷத்துக்கு மேல ஒரே கை. அதை லேசா நினைக்க முடியாது. ஆனா குறையும் இருந்துச்சு, நம்ம பொண்ணுங்களுக்கு ஏன் கொலம்பியா டிசைனர் கவுன் போடணும், இங்க தையல் தெரிஞ்சவங்களே இல்லையான்னு ரசிகர்கள் வருஷா வருஷம் கேட்பாங்க, ஆத்தே இந்த விஷயத்துல வர்ற கோவத்துல மௌஸை தட்டிடுவாங்க.

2019 கடைசில மிஸ் யுனிவர்சுக்கு ஆள் அனுப்பற உரிமை அவங்க கைய விட்டுப் போய், புதுசா மிஸ் யுனிவர்ஸ் பிலிப்பைன்ஸ்னு ஒரு அமைப்பு வந்துச்சு. அதுக்கு நேஷனல் டைரக்டர், ஷாம்சி சுப்சுப்-லீ. கல்யாணம் ஆகி, அம்மாவும் ஆகியிருந்தாங்க அப்போ.

நான் அப்ப இந்தியாவுக்கே வந்துட்டேன். ஆத்தே வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் அனுப்பினாங்க, சந்தோஷத்துல பாதி அவங்க ஊர் பாஷை தகாலோக், பாதி இங்கிலீஷ், எனக்கு புரிஞ்சது "ஆர்க்கிடெக்ட்" மட்டும்தான். அதுவே போதும்.

ஒரு போட்டியை நடத்தறதுன்னா மேடைல நின்னு சிரிக்கறது இல்லைங்க. ஸ்பான்சர், டிவி ஒப்பந்தம், நடுவர்கள், மார்க் எண்ணுறது, பொண்ணுங்களோட கான்ட்ராக்ட், தங்கற இடம், பயிற்சி, உள்ளூர் அரசாங்கத்தோட பேச்சுவார்த்தை, இதெல்லாம் சேர்த்து ஒரு தேதிக்குள்ள முடிச்சு கொடுக்கணும். இது அப்படியே எங்க வேலை. ஒரு ஆர்க்கிடெக்டோட நாள்ல முக்கால்வாசி டிராயிங் போடறதுல போகாது, இருபது பேரை ஒரே தேதிக்கு ஒத்துக்க வைக்கறதுல போகும். எலக்ட்ரிக்கல்காரர் பைப்பும் ஏசி டக்டும் ஒரே சீலிங்ல மோதும், ரெண்டு பேரும் நான் நகர மாட்டேன்னு நிப்பாங்க, நடுவுல நின்னு பொறுமையா முடிச்சு வைக்கணும். அந்தப் பயிற்சி வாங்கின ஒருத்தி அந்த நாற்காலில உக்காந்ததுதான் எனக்கு சந்தோஷம், வெறும் முன்னாள் ராணிங்கறதால இல்ல.

சொல்லப்போனா அந்த நாட்டுல கட்டடத்துக்கும் அழகிப்போட்டிக்கும் பழைய உறவு உண்டு. 1974ல மிஸ் யுனிவர்ஸ் மணிலால நடந்தப்ப அதுக்காகவே ஃபோக் ஆர்ட்ஸ் தியேட்டர்னு ஒண்ணு கட்டினாங்க, டிசைன் லியாண்ட்ரோ லொக்சின், 77 நாள்ல முடிச்சாங்க. 77 நாள்! எங்க ஆபீஸ்ல ஒரு வீட்டு கிச்சன் டைல்ஸ் செலக்‌ஷனுக்கே அவ்வளவு நாள் ஆகும். சரி, அது சர்வாதிகாரி மார்கோஸ் காலம், அப்படி அவசரமா கட்டினதுக்குப் பின்னாடி வேற கணக்கெல்லாம் உண்டு, அதை இன்னொரு நாள் எழுதறேன்.

ஷாம்சிக்கு கிடைச்ச முதல் வருஷமே கொரோனா. 2020ல நடக்க வேண்டிய முதல் போட்டி தள்ளித் தள்ளிப் போய், கடைசில அக்டோபர்ல பாகியோ மலைல, கூட்டம் இல்லாம நடத்தினாங்க. பினிபினில பொண்ணுங்களுக்கு அடையாளம் நம்பர்தான், இங்க ஒவ்வொருத்தரும் தன் ஊர் பேரை, மாகாணப் பேரை சாஷ்ல, அதாவது தோள்ல குறுக்கா போடற பட்டைல, போட்டுக்கிட்டு வந்தாங்க. சின்ன மாற்றம்தான், ஆனா ஆத்தே "எங்க இலோயிலோ பேரு மேடைல"ன்னு எழுதினாங்க பாருங்க, அப்பதான் ஒரு சாஷ்ல என்ன இருக்குன்னு எனக்கு விளங்கிச்சு. ஜெயிச்சதும் இலோயிலோ பொண்ணுதான், ரபியா மாதேயோ, பிசியோதெரபி படிச்சவங்க. முடிஞ்ச உடனே, நடந்தது நியாயமா இல்லைன்னு சில போட்டியாளர்கள் வெளிப்படையாவே பேச ஆரம்பிச்சாங்க, பதில் சொல்ற இடத்துல நிர்வாகம் நிக்க வேண்டியதாச்சு. போட்டியாளரா இருந்தப்ப ஒரு கேள்விக்கு முப்பது செகண்ட் பதில் சொன்னா போதும், அந்த நாற்காலில உக்காந்தா மாசக்கணக்கா கேள்வி வந்துக்கிட்டே இருக்கும். மார்க் எப்படி போடறாங்கங்கறதை இன்னும் தெளிவா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ங்கறது என் கருத்து. டெண்டர்ல எங்களுக்கு அது பழக்கம், எதுக்கு எத்தனை மார்க்னு முன்னாடியே பேப்பர்ல இருக்கும், தோத்தவனும் எங்க தோத்தோம்னு தெரிஞ்சிக்கிட்டு போவான்.

2021ல செபூவோட பியாட்ரிஸ் கோமெஸ், நேவி ரிசர்வ்ல இருக்கறவங்க, தான் பைசெக்சுவல்னு மறைக்காம சொல்லிக்கிட்டே மேடை ஏறி கிரீடமும் வாங்கினாங்க. டிசம்பர்ல இஸ்ரேல்ல எய்லாத்ல டாப் அஞ்சு வரைக்கும் போனாங்க. அந்த வருஷம் ஜெயிச்சது நம்ம ஹர்னாஸ் சந்து. விடியக்காலைல நானும் ஆத்தேயும் ஆளுக்கு ஒரு நாட்டுல உக்காந்து வீடியோ கால் போட்டுக்கிட்டு பார்த்தோம், பியாட்ரிஸ் வெளிய போனதும் ஆத்தே அஞ்சு நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் "சரி, இனிமே உன் பொண்ணுக்கு கத்தறேன்"னு சொல்லி எனக்கு மேல கத்தினாங்க. என் வீட்டுக்காரர் பதறி எழுந்து வந்து என்னாச்சுன்னு கேக்கற அளவுக்கு.

அப்புறம் அந்த அடி. 2010ல இருந்து பிலிப்பைன்ஸ் ஒவ்வொரு வருஷமும் மிஸ் யுனிவர்ஸ்ல செமி ஃபைனலுக்குள்ள வந்துடுவாங்க, அந்த வரிசைல ரெண்டாவது ஆள் ஷாம்சியேதான். 2023 ஜனவரில நியூ ஆர்லியன்ஸ்ல நடந்த போட்டில செலெஸ்ட் கோர்தேசி பேரு வரவே இல்ல. தான் கை வச்சு தூக்கின சுவரு, தான் பொறுப்பா இருந்தப்ப தேர்ந்தெடுத்த பொண்ணோட நின்னுபோச்சு. ஆன்லைன்ல திட்டு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கலாம், அந்த ஊர்ல இது நம்ம ஊரு கிரிக்கெட் மாதிரி. நான் கட்டின ஒரு வீட்டுல முதல் மழைக்கே ஒழுகிச்சு, அந்த வீட்டுக்காரம்மா போன் பண்ணினப்ப வயித்துல என்ன பண்ணும்னு எனக்கு தெரியும். டிராயிங்ல தப்பில்ல, வாட்டர்ப்ரூஃபிங்காரர் பண்ணின வேலைன்னு சொல்லித் தப்பிக்கலாம். ஆனா கையெழுத்து நம்மளோடது. லைசென்ஸ்னா அதுதானே, மத்தவங்க கை வேலைக்கும் சேர்த்து நாமதான் நிக்கணும்.

இதனாலதான் மேடைல நின்ன ஒருத்தி மேடையை நடத்தறது முக்கியம்னு நான் அடிச்சு சொல்றேன். கவுனோட எடை எவ்வளவு, ஹீல்ஸ்ல நாலு மணி நேரம் நின்னா கால் விரல் எப்படி மரத்துப் போகும், பேரு வராதப்ப முகத்தை எங்க வச்சிக்கறதுன்னு தெரிஞ்ச ஒருத்தர் விதி எழுதணும். ஆனா அது மட்டும் பத்தாது. கணக்கு பார்க்கத் தெரியணும், கான்ட்ராக்ட் படிக்கத் தெரியணும், கெட்ட செய்தி வந்தா கையெழுத்து என்னோடதுன்னு நிக்கணும். ஸ்டெல்லா அம்மா முதல் தலைமுறை, ஷாம்சி அடுத்தது. அழகிப்போட்டியே வேணாம்னு சொல்றவங்க இருக்காங்க, என் ஃப்ரெண்ட்ஸ்லயே நிறைய பேரு, அவங்க கோவத்துல நியாயம் இருக்கு. ஆனா 2023ல இருந்து கல்யாணம் ஆனவங்க, அம்மா ஆனவங்க மிஸ் யுனிவர்ஸ்ல கலந்துக்கலாம்னு விதி மாறிச்சு, அதுக்கடுத்த வருஷம் 28 வயசுங்கற உச்சவரம்பும் போச்சு. இந்த மாதிரி மாற்றமெல்லாம் வர வர, ஊர் ஊரா அதை நடத்தற இடத்துல அதை வாழ்ந்து பார்த்த பொம்பளைங்க இருக்கணும்ங்கறதுதான் என் ஆசை.

சரி, அந்த போட்டோ.

ஆத்தே ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி துபாயை மொத்தமா விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்க. பையன் காலேஜ் முடிச்சிட்டான், இனிமே என் முறைன்னு சொன்னாங்க. அந்த பழுத்துப்போன லாக்புக்கை எடுத்துக்கிட்டு ரிவ்யூ சென்டர்ல போய், தன் பையன் வயசு பசங்களோட பெஞ்ச்ல உக்காந்து படிச்சாங்க. முதல் தடவை போச்சு. ஒரு வாரம் எனக்கு மெசேஜே இல்ல. ரெண்டாவது தடவை ஜூன்ல எழுதினாங்க.

வந்த போட்டோ அவங்க லைசென்ஸ் ஐடி கார்டு. வயசு நாப்பத்தி ஒன்பது. போட்டோல முடி நல்லா சீவி, கண்ணாடி கழட்டி, உதட்டுல செக்கச்செவேல்னு லிப்ஸ்டிக். கீழ ஒரே ஒரு வரி எழுதியிருந்தாங்க, "தங்கச்சி, இனிமே என்னை ஆர்க்கிடெக்ட் ஆத்தேன்னு கூப்பிடணும்."

நாளைக்கு எனக்கு சைட் மீட்டிங் இருக்கு. கூப்பிட்டு சொல்லிட்டுத்தான் கிளம்பணும்.